பாலத்துக்குப் பால் ஊத்தின அமாவாசை

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு சாலை ஆய்வாளரிடம், "நம்ம துறை மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார், எங்களுக்கு வழிகாட்டியா இருக்கும்" என்று கேட்கிற துணிச்சல் செஞ்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் வரும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அவர்களிடம் என்னைப் பற்றி உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது பாலத்தைப் பார்வையிட ட்ரோன் வந்துவிட்டதாம். வளைவுக்கு அடியில் புகுந்து, எல்லாக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு, வேர்க்காமல் விறுவிறுக்காமல் வெளியே வந்துவிடுகிறதாம். நம் துறையில் பயம் இல்லாமல் பாலத்துக்கு அடியில் போன முதல் ஆசாமி அதுதான். வாழட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஜல்லியைச் சலிக்க, தாரின் சூட்டைப் பார்க்க, பெரிய அதிகாரி வந்தால் எந்த மரத்தடியில் நாற்காலி போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, இதற்கெல்லாம் சேர்த்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்றாவது பாடத்தில் நான் நல்ல மார்க்.

பயப்படுவதற்கு எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அது பிறவியிலேயே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிங்கவரம் ரோட்டில் பஸ்ஸே விழுகிற மாதிரி ஒரு பள்ளம் என்று மூச்சிரைக்கப் போன் செய்து ஜீப்பை வரவழைத்தேன். ஜீப் வந்து நின்றதும் அந்தப் பள்ளம் எழுந்து, வாலை ஆட்டிவிட்டு, வேர்க்கடலைக் கொல்லைக்குள் போய்விட்டது. கறுப்பு எருமை, கறுப்பு தார் ரோடு, மழை மூட்டம். யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் நடந்ததில்லை என்றார்கள்.

சரி, கல்பாலத்துக்கு வருவோம்.

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர்ப் பக்கம் போகிற கிளை ரோட்டில், ஓடைக்கு மேலே மூன்று வளைவு வைத்த பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டியது என்று சிலர், கோட்டைக் காலத்தது என்று சிலர். பாலத்திடம் கேட்டால் அது ஒன்றும் சொல்லாது. கல்லெல்லாம் இந்த ஊர் மலைக் கல். ஒரு பஸ் ஏறினால் எதிரே வருகிற சைக்கிள்காரன் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அந்த அளவுக்கு அகலம். எனக்கு அந்தப் பாலத்தின் மேல் பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மதிய நேரத்தில் அதன் அடியில் நல்ல நிழல். அவ்வளவுதான் எங்கள் உறவு.

மேலிடத்தில் இருந்த ஓர் அதிகாரிக்கு அந்தப் பாலத்தைக் கண்டால் ஆகாது. பெயர் வேண்டாம்; மேலிடம் என்றே வைத்துக்கொள்வோம். இடித்துவிட்டு கான்கிரீட் பாலம் கட்ட வரைபடமெல்லாம் தயாராக வைத்திருந்தார். "பாலம் தகுதியற்றது" என்று கீழேயிருந்து யாராவது ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இடிப்பது ஒரு வாரத்தில் நடக்கும். கட்டுவது எப்போது நடக்கும் என்பது கட்டுகிறவர்களுக்கே தெரியாது. அதுவரை மாற்றுப்பாதை. மாற்றுப்பாதை என்றால், ஓடைக்குள் நாலு சிமெண்ட் உருளையைப் போட்டு மேலே மண் கொட்டுவது. முதல் மழைக்கே மாற்றுப்பாதை தன் பாதையை மாற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் பிரசவ வலி வந்தாலும், மூட்டை நெல்லை மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுவந்தாலும், ஊரைச் சுற்றிக்கொண்டுதான் செஞ்சிக்கு வர வேண்டும்.

இதற்கு இடையில் குறுக்கே நின்றவர் எங்கள் உதவிக் கோட்டப் பொறியாளர் வசந்தா மேடம்.

மேடத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். திட்ட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். கைப்பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் இருக்கும். நாம் ஏதாவது சொன்னால், ஒரு மல்லாட்டையை உடைத்து, தோலை ஊதி, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, "எத வெச்சு சொல்றீங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும்வரை அடுத்த மல்லாட்டை உடையாது. பத்து நிமிஷம் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு தூங்க முடியாது.

மேடம் பாலத்தை ஒரு முழு நாள் பார்த்தார். சின்னச் சுத்தியலால் வளைவுக் கல் ஒவ்வொன்றையும் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். கல் பக்கத்துக் கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் 'டிங்' என்று வரும். பின்னால் காலியாக இருந்தால் 'டொக்'. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. என் நெஞ்சு அதைவிடச் சத்தமாக அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மேடம் இறங்கி வந்து, "கல்லுக்கு ஒண்ணும் ஆவல. நடுவுல இருந்த சுண்ணாம்புதான் கரைஞ்சிருக்கு. பால் ஊத்துனா நிக்கும்" என்றார்.

பால் என்றால் எங்கள் தொழிலில் கரைசல். சுண்ணாம்பும் கொஞ்சம் சிமெண்டும் தண்ணீரில் மோர் மாதிரி கரைத்து, விரிசலுக்குள் இறக்குவது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கல் இடுக்கில் முளைத்திருக்கிற அரசங்கன்றை வேரோடு எடுக்க வேண்டும். அப்புறம் இடுக்கைச் சுத்தம் செய்து, கீழே வரிசையாகவும் மேலே ரோட்டின் ஓரத்திலும் விரல் தடிமனில் குழாய்களைச் சொருக வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கப்புறம் கீழேயிருந்து மேலாகப் பால். கைப்பம்பால், அவசரப்படாமல். இந்தக் குழாயில் விட்டது அடுத்த குழாயில் எட்டிப் பார்த்தால் இது நிறைந்தது என்று அர்த்தம்; அடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஏழுமலை மேஸ்திரி இதில் கெட்டிக்காரர். எனக்குக் கொடுத்த வேலை, எட்டிப் பார்க்கிறதா என்று எட்டிப் பார்ப்பது.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் விடுவார்கள். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். இதைச் சொல்லத்தான் மேடம் எனக்குப் போன் செய்தார். பாலத்தின் முனையில் அஞ்சலை அக்காவின் டீக்கடைக்கு முன்னால் நின்றால்தான் ஓரளவுக்கு சிக்னல் கிடைக்கும். அதுவும் பாதி கேட்கும், பாதி கேட்காது. அதனால் மேடம் சொன்னதையெல்லாம் திருப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஆமா மேடம்! அமாவாசைக்குள்ள பாலத்துக்குப் பால் ஊத்திடறோம் மேடம்! மேல இருக்கிற குழாய் எல்லாத்துலயும் ஊத்தணும், சரி மேடம்! ஒண்ணையும் விடக் கூடாது! ஊத்தலன்னா பாலம் நிக்காது, புரியுது மேடம்!"

போனை வைத்தேன். அஞ்சலை அக்கா டீ ஆற்றுகிற கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், நெஜமாவா?"

"நெஜம்தான்க்கா. ஊத்தியே ஆவணும்."

"பெரிய அம்மாவே சொல்லிட்டாங்களா?"

"அவங்கதான் சொல்றாங்க."

அக்கா அந்தரத்தில் நின்ற கையை இறக்கினார். "நல்ல பாலா ஊத்துவீங்களா, தண்ணி கலந்தா?"

"தண்ணி கலந்துதான். கெட்டியா இருந்தா உள்ள எறங்காதே."

"ஆத்தா விசயத்துலகூட தண்ணியா? நல்லா இருக்குது சார் உங்க கவுருமெண்டு."

காண்டிராக்டரைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். டீயில்கூடத் தண்ணிதான் ஜாஸ்தி என்று பதிலுக்கு ஒரு நக்கலும் விட்டேன். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளிலேயே அதிக விலை போனது அதுதான்.

வேலை நல்லபடியாக முடிந்தது. கீழே இருந்த குழாய்களை வெட்டி அடைத்தாகிவிட்டது. மேலே ரோட்டோரக் குழாய்களை மட்டும் திருவிழாக் கூட்டம் போனதும் வெட்டிக்கொள்ளலாம் என்று வாயில் துணி சுருட்டி வைத்துவிட்டு மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார்.

அமாவாசை அன்று காலை. "மொத பஸ் ஏர்றதுக்கு முன்னாடி அடியில போய் ஒரு பார்வ பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மேடம் உத்தரவு. போனேன். நடு வளைவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் காய்ந்து, சுத்தமாக இருந்தது. பார்த்தாகிவிட்டது என்று திரும்பும்போது சட்டையில் ஏதோ சொட்டியது.

வெள்ளை.

அடுத்து நெற்றியில் ஒன்று. அண்ணாந்தேன். வளைவின் உச்சியில், கடைசியாக இறக்கிப் பூட்டுகிற பூட்டுக்கல் இருக்கிறதே, அதன் பக்கத்து இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கோடு போட்டு வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஊற்றிய பால் இறுகவே இல்லை, மொத்தமும் வெளியே வருகிறது, பூட்டுக்கல் விழப்போகிறது, அதற்குக் கீழே நிற்கிற முட்டாள் யார் என்று பார்த்தால் நான்.

அந்தோணியாரைக் கூப்பிட்டேன். வழக்கமாக அவர் காணாமல் போன சாவி, பர்ஸ்தான் கண்டுபிடித்துக் கொடுப்பார். பாலம் அவர் இலாகா இல்லை என்று உடனே தோன்றி, அங்காளம்மனையும் கூப்பிட்டேன். எந்தச் சாமி தூக்கிவிட்டதோ தெரியாது, செருப்பு ஓடையில் கிடக்க நான் கரைமேல் இருந்தேன்.

மேலே பாலத்தின் நடுவில் அஞ்சலை அக்காவோடு ஒரு பெண்கள் கூட்டம். கையில் சொம்பு இருந்தது, தூக்குவாளி இருந்தது, ரோட்டோரக் குழாய்க்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். கண் பார்த்தது, மூளை அன்றைக்கு லீவு.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். "பால் கீழ வருது! பாலத்துலேர்ந்து பால் வருது!"

இதைக் கேட்டு ஒருவரும் ஓடவில்லை. அப்புறம் அக்கா ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "ஆத்தா! ஏத்துக்கினியா தாயே!" என்றார். அத்தனை பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள். கரையில் நின்றிருந்தவர்களும் பார்க்கிற ஆசையில் பாலத்துக்குள் ஓடினார்கள். பாலத்தைக் காலி செய்ய நான் போட்ட கூச்சலில் பாலம் நிறைந்துவிட்டது.

இதற்குள் முதல் ஸ்பெஷல் பஸ் வந்துவிட்டது. சிவப்புக் கொடி கையில் இல்லை. தோளில் இருந்த சிவப்புக் கோடு போட்ட துண்டை விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றேன். டிரைவர் தலையை நீட்டினார்.

"யோவ் சவரிமுத்து, காளைய அடக்கப் போறியா? தள்ளுய்யா."

"பஸ் ஏறக் கூடாது. பாலம் ஒழுவுது."

"உள்ள எழுபது பேர் நிக்கறான். அத்தினி பேருக்கும் வேண்டுதல் இருக்குது. உங்க மாதா கோயில் தேருக்கும் இப்பிடித்தான் மறிப்பியா?"

"மாதாவே பஸ்ல வந்தாலும் எறங்கி நிக்கணும்!"

பின்னால் இன்னொரு பஸ், ஒரு மினி லாரி, ரெண்டு ஷேர் ஆட்டோ. அத்தனை ஹாரனுக்கும் நடுவில் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், பால் வெளிய வருது! பூட்டுக்கல் போவப்போவுது! மூடிட்டேன் மேடம்!"

அந்தப் பக்கம் மல்லாட்டை உடையும் சத்தம். "எத வெச்சு சொல்றீங்க?"

"கண்ணால பாத்தேன் மேடம். என் சட்டையிலயே இருக்குது."

"என்ன நெறம்?"

"வெள்ள."

"நாம ஊத்துனது?"

யோசித்தேன். "அழுக்குச் சாம்பல்."

"தொட்டா எப்படி இருக்கு?"

"பிசுபிசுன்னு."

"மோந்து பாருங்க."

நடு ரோட்டில், பஸ் பயணிகள் முன்னிலையில், என் சட்டையை நானே தூக்கி மோந்து பார்த்தேன். "மேடம்... ஏலக்கா."

போனில் அடுத்த மல்லாட்டை உடைந்தது. "சவரிமுத்து, சிமெண்டுல ஏலக்கா தட்டிப் போட்ட மேஸ்திரி யாரு?"

திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை அக்கா காலிச் சொம்போடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"பாக்கெட் பால் இல்ல சார், கறந்த பால். ஆத்தாவுக்கு சில்லுனு ஆவாதேன்னு காய்ச்சி, சக்கரை போட்டு, ஆற வெச்சி ஊத்துனோம். நீங்க தண்ணி கலந்து ஊத்துனீங்களே, அந்தத் தோசம் ஊருக்கு வேணாம்னுதான்."

டிரைவர் சிரித்தார். கண்டக்டர் சிரித்தார். முதல் சீட்டில் இருந்த கைக்குழந்தைகூடச் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. மானம் போனால் போகட்டும், உயிர் இருக்கிறது என்று நானும் சிரித்து, "மேடம், பசும்பால்தான் மேடம், பஸ்ஸை விட்டுடறேன்" என்றேன்.

"விடாதீங்க."

"மேடம்?"

"மேல ஊத்துன பால் பூட்டுக்கல் கிட்ட கீழ வந்துச்சா?"

"வந்துச்சு."

"அந்த எடம் நெறஞ்சிருந்தா எப்படி வரும்?"

சிரிப்பு என் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. பயப்படத் தேவையில்லாதபோது ஊரைக் கூட்டிவிட்டு, பயப்பட வேண்டிய நேரத்தில் பஸ்ஸை விட இருந்தேன். பசும்பால் வந்த வழி திறந்திருக்கிறது என்றால், அங்கே எங்கள் பால் போய்ச் சேரவே இல்லை. உச்சிக் கல்லுக்குப் பின்னால் காலி. அதன் மேல் ஏறக் காத்திருப்பது எழுபது பேர் நிற்கிற பஸ்.

மேடம் ஜீப்பில் வந்து சேர்வதற்குள் பயணிகளை இறக்கிப் பாலத்தில் நடக்க வைத்தோம். வேறு வழியாக மேல்மலையனூர் போய்த் திரும்பி வந்த பஸ்களை அந்தக் கரையில் நிறுத்தி, அவற்றில் ஏற்றி அனுப்பினோம். கூட்டம் என்னைத் திட்டிய திட்டுக்களை எழுதினால் இந்த மலரில் போட மாட்டார்கள். நடந்து போனவர்களில் பாதிப் பேர் பால் வந்த அதிசயத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மேடம் வந்ததும் அஞ்சலை அக்காவிடம் கேட்டார். "மஞ்சத்தண்ணி கெடைக்குமா?"

அமாவாசை அன்று அந்த ஊரில் மஞ்சள் தண்ணீருக்கா பஞ்சம்? குழாய்க்கு ஒரு பெண்ணாக மேலே நின்றார்கள். மேடம் ஒவ்வொருவராகக் கை காட்ட, அவர்கள் ஊற்றினார்கள். நான் கீழே, வளைவுக்கு வெளியே நின்று, கழுத்தை மட்டும் உள்ளே அனுப்பி, "வரல! வரல!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா ஊற்றின குழாய்க்கு மட்டும் பூட்டுக்கல் இடுக்கில் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. மேடம் ஏணியில் ஏறித் தட்டினார். இந்தத் தடவை எனக்கே கேட்டது. டொக்.

இடைஞ்சல் அந்த ஓர் இடம்தான். பக்கத்துக் குழாயில் பால் எட்டிப் பார்த்ததை வைத்து இது நிறைந்தது என்று விட்டிருந்தோம். உள்ளே அது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து போன். பாலத்தை மூடின செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மூடிட்டீங்களாமே! நல்லது. தகுதியற்றதுன்னு இன்னிக்கே எழுதி அனுப்பிடுங்கம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஓடையும் கரையும் அடங்கிப்போய்க் கேட்டன. முதலில் கூச்சல் போட்டு மூடினது நான். நான் போட்ட கூச்சலே அந்த ஒரு வரியாகிவிடும் போலிருந்தது.

"மூடல சார்," என்றார் மேடம். "பஸ்ஸை மட்டும் நிறுத்தியிருக்கோம். ஒரு கல்லுக்குப் பின்னால காலியா இருக்கு. மத்ததெல்லாம் மேலேர்ந்து தண்ணி ஊத்திப் பாத்தாச்சு, சொட்டு வரல. அந்த ஒரு எடத்த நெறச்சிட்டு பஸ் விடுவோம்."

"நெறையலன்னா?"

"நெறையலன்னா நானே எழுதித் தரேன் சார். நீங்க கேக்கவே வேணாம்."

போன் வைக்கப்பட்டது. அத்தோடு பாலத்தின் ஆயுள் ஒரு குழாய்க்குள் வந்து நின்றது. அக்காவுக்கும் அது புரிந்துவிட்டது. "இடிச்சிடுவாங்களா மேடம்?" என்றார். மேடம் பொய் சொல்லவில்லை. "நெறையலன்னா, ஆமா."

மேஸ்திரியை ஊரிலிருந்து வரவழைத்தோம். முதலில் உள்ளே போன பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி எடுத்தோம். "சக்கரை இருந்தா சிமெண்டு எறுகாது" என்றார் மேடம்.

"அடக் கடவுளே, சிமெண்டுக்கும் சக்கர வியாதியா?" என்று அக்கா நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அப்புறம் எங்கள் பாலை இறக்கினோம். இந்தத் தடவை மேஸ்திரி அவசரப்படவில்லை. குழாய் குடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தி, காத்திருந்து, மறுபடி கொடுத்து, பூட்டுக்கல்லின் ரெண்டு பக்க இடுக்கிலும் சாம்பல் நிறத்தில் கசிந்து நிற்கும்வரை விட்டார். அடுத்த அமாவாசை வரை பஸ்கள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போயின. அக்கா ஊற்றின அந்தக் குழாயை மட்டும், மேலே ஒரு சாண் காலியாக விட்டு, சோதனைக்கென்று மேடம் அடைக்காமல் வைத்திருந்தார்.

அந்த அமாவாசை காலையில் ஊரே கூடிவிட்டது. மேடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றார்.

"மறுபடியும் தண்ணியா?" என்றார் அக்கா.

மேடம் ஒரு மல்லாட்டையை உடைத்துக்கொண்டே யோசித்தார். "சரி, பாலே ஊத்துங்க. சக்கர வேணாம்."

என்னைக் கீழே அனுப்பினார்கள். வெளியே நின்று கழுத்தை நீட்டுகிற வேலை எல்லாம் செல்லாது, உள்ளே போய்ப் பூட்டுக்கல்லுக்கு நேர் கீழே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் மழையில் ஓடை சேறாகிக் கிடந்தது. போய் நின்றேன். மேலே ஊற்றுகிற சத்தம் கேட்டது. கல் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், வருதா?" என்று மேலேயிருந்து அக்கா குரல்.

"வரல!"

"நல்லாப் பாரு! கொஞ்சங்கூட வரலியா?"

"ஒரு சொட்டுகூட வரலக்கா!"

போச்சு, ஆத்தா ஏற்றுக்கொள்ளவில்லை என்று அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் அக்கா கத்தினார்: "முழுசையும் குடிச்சிட்டாடி ஆத்தா!" எழும்பிய குலவையில் வளைவுக்குள் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. அதே சத்தத்தில் மேடம் கை காட்டியிருக்கிறார். முதல் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. கல்லுக்குள்ளிருந்து கடகடவென்று ஓர் அதிர்வு என் தலைக்கு மேலே வந்து, நின்று, கடந்து, அந்தக் கரைக்குப் போயிற்று. பூட்டுக்கல் அசையவில்லை. அடுத்த பஸ் போயிற்று. அதற்கும் அசையவில்லை.

"பஸ் போவும்போதுகூட மனுசன் நவுராம அடியிலயே நின்னாருப்பா" என்று அந்த ஊரில் இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அந்த டிரைவர் வணக்கம் வைக்கிறார். இதை எழுதச் சொன்ன பிள்ளைகளும் அதைக் கேள்விப்பட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? ரெண்டு காலும் முழங்கால் வரைக்கும் சேற்றில் புதைந்திருந்தன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.